காப்பாற்று: ஒரு சொல்லின் வேர்வரை போகும் வழி

காப்பாற்று என்றால் என்ன என்று கேட்டால், ஆபத்தில் அகப்பட்டவரை அதிலிருந்து வெளியே எடுப்பது என்றுதான் பெரும்பாலானோர் சொல்லுவோம். கிணற்றில் விழுந்த பிள்ளை, கடலில் கவிழ்ந்த வள்ளம், தீப்பிடித்த கொட்டில் என்று உதாரணமும் உடனே வரும். ஆனால் சொல்லைத் தோண்டிப் பார்த்தால், ஆபத்து வந்த பிறகு ஓடிப்போவது அதற்குப் பிறகு வந்து சேர்ந்த வேலை என்று தெரிகிறது. முதலில் அது செய்துவந்த வேலை காவல் இருப்பது. அதுவும் ஒரு பொழுதில் முடியாத காவல்.

இதை என் சொல்லை வைத்து நம்பத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே, கையில் ஒரு கொப்பியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், நீங்களே படிப்படியாகப் பார்த்து முடிவுக்கு வரலாம். உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கும், "இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது?" என்று வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளை கேட்டால் முழிக்கிறவர்களுக்கும் இந்த வழி உதவும். வேறு எந்தச் சொல்லுக்கும் இதே முறைதான்.

படி 1: அகராதியை மூடி வையுங்கள், ஆட்கள் கதைப்பதைக் கேளுங்கள்

முதலில் சொல் உயிரோடு புழங்கும் வசனங்களைச் சேர்க்க வேண்டும். வீட்டிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் இப்படியெல்லாம் கேட்கும்:

"பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து பெடியனைக் காப்பாற்றிப் போட்டார்."
"அவன் ஒருத்தன்தான் உழைச்சு முழுக் குடும்பத்தையும் காப்பாற்றுறான்."
"சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேணும்."
"கடைசியிலை மானத்தையாவது காப்பாற்றினம்."
"அம்மாளாச்சி காப்பாற்றுவா."

பிறகு வசனங்களைப் பிரித்து வையுங்கள். முதலாவது ஒரு கணத்தில் நடந்து முடிகிறது. இரண்டாவது வருடக்கணக்காக நடக்கிறது. மூன்றாவதைக் கவனியுங்கள்: சொன்ன சொல்லை நாம் எந்த ஆபத்திலிருந்தும் இழுத்தெடுப்பதில்லை, அது உடையாமல் வைத்திருக்கிறோம். ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை இருக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். எது மூத்தது என்பதுதான் கேள்வி.

ஒலியையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் காற்று 'காத்து' ஆகும், காப்பாற்று 'காப்பாத்து' ஆகும். யாழ்ப்பாணப் பேச்சில் ற்ற தன் பழைய ஒலியை இன்னும் விடவில்லை. நாக்கு நுனி பல்லைத் தொடாமல் சற்று மேலே முட்டிப் பிறக்கும் அந்த ஒலி எங்களுக்குப் பழக்கமானபடியால்தான் 'கிரிக்கெற்', 'மார்க்கெற்' என்று எழுதுகிறோம். இது வெறும் ஊர்ப்பெருமைக்குச் சொல்வதில்லை. சொல்லின் பின்பாதி 'ஆற்று' என்பது எங்கள் வாயில் கலையாமல் கேட்கிறது. அடுத்த படிக்கு அது நேரடியாக உதவும்.

படி 2: பொருத்து எங்கே என்று பார்த்துப் பிரியுங்கள்

காப்பாற்று = காப்பு + ஆற்று. குற்றியலுகரத்துக்கு, அதாவது காப்பு என்பதன் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம் போன்றதற்கு, பின் உயிர் வந்தால் உகரம் போய்விடும். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்று நன்னூல் சொல்லும் விதிதான்.

முன்பாதியை இன்னும் பிரிக்கலாம். கா என்பது வினையடி: காக்கிறான், காத்தான், காப்பான். அதோடு -ப்பு சேர்ந்து காப்பு. இது சரியா என்று பார்க்க, இதே அச்சில் வார்த்த வேறு சொல் கிடைக்கிறதா என்று தேடுங்கள். மூ, மூப்பு. யா, யாப்பு. கிடைக்கிறது, ஆகவே சரி. கா என்பதோடு -அல் சேர்ந்து, இடையில் வகரம் வந்தால் காவல்.

பின்பாதியில்தான் கவனம் வேண்டும். ஆற்று என்ற உருவத்துக்குள் பல பொருள் இருக்கிறது. தேத்தண்ணியை ஆற்றிக் குடிக்கிறோம், அழுகிறவரை ஆற்றுகிறோம், பணியாற்றுகிறோம், உரையாற்றுகிறோம். பழந்தமிழில் தாங்குதல் என்ற பொருளும் உண்டு: 'ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்' (குறள் 225) என்பதில் பசி ஆற்றல் என்றால் பசியைப் பொறுத்துக்கொள்ளுதல். காப்பாற்றில் எது? பாதுகாப்பும் கொடுத்து மனத்தையும் ஆற்றுவது என்று உருக்கமாக விளக்கம் சொல்லத் தோன்றும். மேடைப் பேச்சுக்கு அது நன்றாக இருக்கும், ஆனால் அமைப்பு இடம் கொடுக்காது. பணியாற்று, தொண்டாற்று, உரையாற்று என்ற வரிசையில் முன்னால் ஒரு தொழிற்பெயரோ செயலின் பெயரோ நிற்க, ஆற்று 'செய்' என்ற பொருளில் பின்னால் வருகிறது. காப்பாற்றும் அதே வரிசைதான். நேர்ப்பொருள்: காத்தல் என்ற வேலையைச் செய்.

படி 3: இப்போது அகராதிகள்

இந்தப் படியில் யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. யாழ்ப்பாண அகராதி, அல்லது மானிப்பாய் அகராதி, 1842 இல் அமெரிக்க மிசன் வெளியிட்டது. சந்திரசேகர பண்டிதர் உழைத்துத் தொகுத்த அதில் ஏறக்குறைய 58,500 சொற்கள். உடுவிலில் வாழ்ந்த மிரன் வின்சிலோ, யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்சேகரிப்பை வளர்த்து, 1862 இல் சென்னையில் தமிழ்–ஆங்கில அகராதியாக அச்சிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள்.

மூன்றையும் ஒரே கேள்வியோடு திறக்கக் கூடாது. பழைய யாழ்ப்பாண அகராதி ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வேறு சொற்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்தக் காலத்தில் எந்தச் சொல் எதற்கு ஈடாகக் கருதப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். வின்சிலோவில் தொடர்களும் கூட்டுச்சொற்களும் கிடைக்கும். லெக்சிக்கனில்தான் இலக்கிய மேற்கோளும், சொல்லைப் பிரித்துக் காட்டும் குறிப்பும், அயல்மொழியிலிருந்து வந்திருந்தால் அதன் மூலமும் இருக்கும். இலங்கை வழக்கைத் தனியாகக் குறித்துக் காட்டுவது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. லெக்சிக்கனும் வின்சிலோவும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. ஈழத்துப் பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 1981 இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரில், மின்வருடி வைத்த பக்கங்களின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைச் சொல்லாமல் இந்தப் படியைத் தாண்ட முடியாது. 1875 இல் மானிப்பாயில் பிறந்தவர். 1938 முதல் அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, 1947 இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. தமிழ்ச் சொற்களை அ, இ, உ, எ என்ற சில அடிப்படை ஒலிகளுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்த்தார். அந்த எல்லை வரை பின்னாள் மொழியியலாளர் அவரோடு போகவில்லை. நானும் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சொல்லின் உறவுகளை ஒரே இடத்தில் குவித்துப் பார்க்கும் அவர் பழக்கத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். சொற்பிறப்பு ஆராய்ச்சியில் பாதி வேலை அதுதான்.

படி 4: பழைய இலக்கியத்தில் சொல்லைப் பிடியுங்கள்

அகராதி தரும் மேற்கோளோடு நின்றுவிடாமல் மூலத்தைத் திறந்து பாருங்கள். காப்பாற்று விடயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். சொல் முழு உருவத்தோடு குறளிலேயே நிற்கிறது.

'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு
இறையென்று வைக்கப் படும்.' (388)

இங்கே அரசன் யாரையும் வெள்ளத்திலிருந்து தூக்கவில்லை. நீதி செய்கிறான், காவல் செய்கிறான். இரண்டும் நாளாந்த வேலை. பரிமேலழகர் இந்தச் சொல்லைக் 'காத்தலையும் செய்யும்' என்று பிரித்தே பொருள் சொல்கிறார். இரண்டாம் படியில் நாம் பிரித்தது சரிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பரிமேலழகர் உரையை 1861 இல் பதிப்பித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதை ஒரு பக்கக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கா என்ற வினையடியைத் தேடினால் இன்னும் தெளிவாகும். 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும் (435). வைத்தூறு என்றால் வைக்கோற்போர். நெருப்புக்கு முன் நிற்கும் வைக்கோலை யாராலும் பிறகு காக்க முடியாது; காத்தல் என்பது வருமுன் செய்வது. 'தன்னைத்தான் காக்கின் சினங்காக்க' (305) என்ற குறளில் ஒரே வினை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. தன்னைக் காப்பது என்றால் கெடாமல் வைத்திருப்பது. சினத்தைக் காப்பது என்றால் அதை வெளியே வரவிடாமல் மறிப்பது. நாகாக்க (127) என்பதும் இப்படித்தான். நாக்குக்கு ஆபத்து என்று வள்ளுவர் பயப்படவில்லை, நாக்கால் ஆபத்து என்றுதான் பயப்படுகிறார். ஒரு எல்லையில் நின்று, உள்ளே இருப்பது வெளியே போகாமலும் வெளியே இருப்பது உள்ளே வராமலும் பார்ப்பதுதான் கா என்ற அடியின் மையம் என்பது இந்த இடங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது விளங்கும்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் விழுவதற்கு முன் சொல்வது, மன்பதை காக்கும் தென்புலங் காவல் தன்னால் பிழைத்தது என்று. ஒரு தீர்ப்புப் பிழைத்தது என்பதோடு நிறுத்தாமல் காவலே பிழைத்தது என்கிறான். அரசனுக்குக் காவலன் என்று பெயர் இருந்த மொழியில் அது எவ்வளவு பாரமான வார்த்தை என்று பாருங்கள்.

கோயில் வழக்கிலும் இதே பொருள் உண்டு. கந்தசஷ்டி நாட்களில் நல்லூர் வீதியெங்கும் கேட்கும் 'காக்க காக்க கனகவேல் காக்க' என்பதில் வரும் காக்க, தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்புக்கும் முன்கூட்டியே போடும் காவல். அதனால்தான் அந்த வகைப் பாட்டுக்குக் கவசம் என்று பெயர்.

படி 5: அயல் உறவுகள்

மலையாளத்தில் காக்குக, காவல். கன்னடத்தில் காய், காவலு. தெலுங்கில் காச்சு, காவலி. துளுவிலும் உண்டு. எல்லாவற்றிலும் காவல் இருத்தல், பார்த்துக்கொள்ளுதல் என்ற பொருள் வருகிறது. ஆகவே கா திராவிட மொழிகளின் பொதுச் சொத்து. சமஸ்கிருதத்திலிருந்து கடன் வாங்கியது அன்று. இதைப் பார்க்கப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) போதும்.

படி 6: பிள்ளைச் சொற்களை எண்ணிப் பாருங்கள்

காப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்தாலே பொருள் எப்படி நடந்து போகிறது என்பது தெரியும். முதலில் அது காத்தல். பிறகு காக்கும் பொருள்: நேர்த்திக்கும் விரதத்துக்கும் மணிக்கட்டில் கட்டும் நூல். கேதார கௌரி விரத முடிவில் கட்டுகிற கௌரிக் காப்பு இன்றும் அந்த இடத்திலேயே நிற்கிறது. பிறகு மணிக்கட்டில் இருப்பதால் அது நகையாகிவிட்டது. தங்கக் காப்பு வாங்கப் போகிறவர் யாரும் பாதுகாப்பை நினைத்துக்கொண்டு போவதில்லை, பவுண் விலையை நினைத்துக்கொண்டுதான் போகிறார். நூலின் முதலில் வைக்கும் கடவுள் பாட்டும் காப்பு, பிள்ளைத்தமிழின் முதற் பருவமும் காப்பு. தொடங்கும் முன்பே போடும் வேலி என்ற பழைய பொருள் அங்கே கலையவில்லை.

காத்திரு என்பதும் இதே வீட்டுப் பிள்ளைதான். காவல் இருக்கிறவன் வேறென்ன செய்வான்? வரும் ஒன்றை எதிர்பார்த்து இருப்பான். காவலில் இருந்த 'காத்து இரு' மெல்ல மெல்ல எதிர்பார்ப்பாக மட்டும் ஆகிவிட்டது. தோட்டத்துக் காவல் கொட்டில், போர்க்காலக் காவலரண், இன்றைய காப்புறுதி எல்லாம் இந்த வரிசையில் சேரும். காப்புறுதியைத் தமிழ்நாட்டார் காப்பீடு என்பார்கள்.

படி 7: ஒரே முகத்தோடு வரும் அந்நியரைக் கழியுங்கள்

எனக்கு இதுதான் மிகவும் பிடித்த படி. ஆட்கள் அதிகம் இடறுவதும் இங்கேதான்.

காவு: எங்கள் பேச்சில் குடத்தைக் காவிக்கொண்டு வருகிறோம், சாமியைக் காவுகிறோம். சுமத்தல் என்ற பொருள். சுமைத்தண்டுக்குப் பழந்தமிழில் கா என்று பெயர்; காவடி அங்கேயிருந்து வருகிறது. நுளம்பை நோய்க்காவி என்று பாடப்புத்தகம் சொல்வதும், அம்புலன்சை நோயாளர் காவு வண்டி என்று எழுதுவதும் இந்தக் காவுதான். உயிர் காக்கும் வண்டி என்பதால் காவு என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் அந்தப் பெயரைப் பார்த்துத் திடுக்கிடுவதுண்டு, அங்கே காவு என்றால் பலி. 'விபத்து இரண்டு உயிர்களைக் காவுகொண்டது' என்று எங்கள் பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஒரே செய்தியில் காவுகொண்ட விபத்தும் காவு வண்டியும் வரும். இரண்டும் கா என்னும் காவலோடு சேராது.

கா என்றால் சோலையும். திருவானைக்காவில் இருப்பது அந்தக் கா. அகராதிகள் தனி உருப்படியாக வைக்கின்றன.

காவோலை என்பது காய்ந்த பனையோலை. குருத்தோலை சிரிக்கும் கதையில் வருவது. காப்பியம் வடமொழிக் காவ்யத்திலிருந்து வந்தது, காப்போடு தொடர்பில்லை. கோப்பியைக் காப்பி என்று சொல்லாத ஊரில் இருப்பதால் அந்தக் குழப்பம் ஒன்று எங்களுக்கு மிச்சம்.

இவற்றைவிடப் பெரிய பொறி ஊர்ப்பெயர். யாழ்ப்பாணத் தீவுப்பகுதித் துறைமுகமான ஊர்காவற்றுறை என்ற பெயரைக் கண்டவுடன் ஊர் + காவல் + துறை என்று கை தானாகப் பிரிக்கும். காவலூர் என்று செல்லமாக அழைக்கும் வழக்கும் இருக்கிறது. ஆனால் நயினாதீவில் உள்ள, 12ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டில் இந்தத் துறை ஊராத்துறை என்றுதான் வருகிறது. சிங்களத்தில் ஊராதொட்ட. பழைய உருவத்தில் காவல் இல்லை. பெயரைப் பிரிப்பதற்கு முன் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துருவைத் தேடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அந்தக் கல்வெட்டு சொல்லும் செய்தி, சொல்லை விட்டாலும், காத்தலைப் பற்றியதே. பிறதேசத்தார் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அரசன் ஆணையிடுகிறான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால்வாசி அரசுக்கு, மீதி முக்கால்வாசி உடையவனுக்கு. சாதாரண வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டும், ஆகவே அவற்றைக் கொண்டுவருகிறவனுக்குச் சலுகை. பாதுகாப்புக்குள் கணக்கும் இருந்திருக்கிறது.

படி 8: போட்டிச் சொற்களோடு வைத்துப் பாருங்கள்

ஒரு சொல்லின் எல்லை அதன் அயலவரைப் பார்த்தால்தான் தெரியும். காப்பாற்றுக்கு முக்கியமான அயலவர் மூன்று பேர்.

மீட்பு: மீள் என்றால் திரும்பு. அடைவு வைத்த நகையை மீட்கிறோம். போன ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவது இதன் மையம். 2004 சுனாமிக்குப் பிறகு செய்திகளில் மீட்புப்பணி என்று வந்தது பொருத்தம்தான், ஏனென்றால் அங்கே காவல் இருக்க நேரம் கிடைக்கவில்லை. மீள்குடியேற்றம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆபத்திலிருந்து வெளியே எடுத்தல் என்ற பொருளுக்கு உண்மையில் மிக நெருங்கிய தமிழ்ச் சொல் இதுதான். ஆனால் பேச்சில் அந்த இடத்தைக் காப்பாற்று எடுத்துக்கொண்டது. எப்படி என்று கேட்டால் என் ஊகம் இது: காவல் வெற்றி பெற்ற அந்தக் கணத்தைச் சொல்லும்போது 'காப்பாற்றினான்' என்று இறந்தகாலத்தில் சொல்கிறோம். அந்தக் கணம் மட்டும் கதையாகி வாய்வழி பரவ, நீண்ட காவல் பின்னால் போய்விட்டது.

உய்: தப்பிப் பிழைத்தல். 'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்' (110). பிழைக்கச் செய்வது உய்வித்தல். இன்று பெரும்பாலும் சைவ நூல்களிலும் பிரசங்கங்களிலும்தான் கேட்கலாம்.

இரட்சி: சமஸ்கிருத ரக்ஷ் என்பதிலிருந்து வந்தது, காத்தல் என்றே பொருள். புரொட்டஸ்தாந்து வேதாகம மொழிபெயர்ப்புகளில் இரட்சகர், இரட்சிப்பு என்று நிலைத்தது. கத்தோலிக்கப் பக்கம் இன்று மீட்பர், மீட்பு என்பார்கள். ஒரே வேதநூற் சொல்லை ஒரு பக்கம் காத்தலாகவும் மறுபக்கம் திருப்பிக் கொண்டுவருதலாகவும் தமிழாக்கியிருப்பது ஒரு தனிக் கட்டுரைக்குரிய விடயம். சிங்களத்தில் இதே மூலத்திலிருந்து ரகினவா (காக்கிறது) வருகிறது, காப்புறுதிக்கு ரக்ஷணய. ஆகவே காப்புறுதிக் கம்பனியின் பெயர்ப்பலகையில் சிங்களத்தில் இருக்கும் சொல்லும், இரட்சணிய சேனையின் பெயரில் தமிழில் இருக்கும் சொல்லும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

எழுதி வைப்பது

கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என்று எழுதுங்கள். மேலே பிரித்த உருவம், அதன்கீழ் கிடைத்த மிகப் பழைய இடம், பிறகு பொருள் நகர்ந்த வரிசை, பக்கத்தில் கழித்துவிட்ட போலிகள். ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள். பிறகு வாசிக்கிறவர் அதை ஆதாரமாக எடுத்துவிடக் கூடாது. ஊரில் கேட்ட வசனங்களுக்கு எந்த ஊர், எந்த வயதினர் என்று எழுதினால் போதும், பெயர் வேண்டாம்.

அடுத்ததாகப் பிடிக்க நல்ல சொற்கள் ஓம்பு, புர, பேண். மூன்றும் காத்தல் என்ற பொருளைத் தொட்டு நிற்பவை. விருந்தோம்பல், புரவலன், பேணுதல் என்று பிள்ளைகளும் உண்டு. பேணை எடுக்கிறவர்கள் குசினியில் இருக்கும் மூக்குப்பேணியையும் ஒருமுறை ஏழாம் படிக்குள் போட்டுப் பாருங்கள்.